சுவிட்சு அருகே நின்ற நீலச் சட்டை

என் வலது கையில் சுட்டு விரலும் நடு விரலும் பாதிதான் இருக்கின்றன. மீதி போன நாளைப் பற்றி யாராவது கேட்டால் ஒரே மாதிரிதான் சொல்வேன். ஒரு சொல் கூடாது, குறையாது. யோசித்துச் சொன்னால்தானே மாறும். நான் பார்த்துச் சொல்கிறவன். கண்ணை மூடினால் போதும், தெரியும்.

தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறை. தகட்டை அழுத்திக் கதவுக்கான கீல் அடிக்கிற பிரஸ் மிஷின்கள் நான்கு. மூன்றாவது மிஷின் என்னுடையது. தகடு ஒன்று அச்சில் சிக்கிக்கொண்டது. மிஷினை அணைத்துவிட்டு, குனிந்து, கையை உள்ளே விட்டு அதை நெம்புகிறேன். ஆறடி தள்ளிச் சுவரில் நான் அணைத்த அந்த மெயின் சுவிட்சு. அதன் பக்கத்தில் என் மச்சான், என் மனைவியின் அண்ணன், நிற்கிறார். நீலச் சட்டை. மேல் பொத்தான் போடவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே கைப்பிடியை மேலே தள்ளுகிறார். டக் என்று ஒரு சத்தம். மிஷின் இறங்குகிறது.

இந்தப் படத்தோடு ஏழு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

அந்தப் பட்டறையில் என்னைச் சேர்த்துவிட்டதே மச்சான்தான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழாது. கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு வந்துவிடுவேன். மச்சான் எனக்கு நேர் எதிர். அவர் இருக்கிற இடத்தில் மற்றவர்கள் பேச இடம் கிடைக்காது. என் கூச்சத்தை வைத்து எல்லோரையும் சிரிக்க வைப்பது அவருக்குத் தினசரி வேலை.

விரல் போன அன்று காலையிலும் அதுதான் நடந்தது. முந்தின நாள் எத்தனை உருப்படி அடித்தாய் என்று மேஸ்திரி கேட்டார். நான் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றேன். மச்சான் டீ கிளாசோடு வந்தார்.

"மேஸ்திரி, எங்க மாப்ள வாயத் தொறக்கணும்னா மொதல்ல மனு குடுக்கணும். கலெக்டர் கையெழுத்து போட்டு வரதுக்கு ஆறு மாசம் ஆவும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சும்மா இருப்பா, பாவம்" என்றார் மேஸ்திரி.

"நீங்க வேற. தாலி கட்டும்போது என் தங்கச்சிய புடிச்சிருக்கான்னு கேட்டேன். இன்னும் யோசிச்சிட்டு இருக்காரு!"

நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது எனக்குப் பழக்கத்தில் தெரியும். ஆனால் அன்று உள்ளே ஏதோ சுருண்டு உட்கார்ந்துகொண்டது. பத்தரை மணிக்குத் தகடு சிக்கியது.

அடிபட்ட பிறகு ஆட்டோவில் என் கையைத் துண்டால் சுற்றி, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் மச்சான்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அது நினைவில் இல்லை. சுவிட்சு நினைவிருக்கிறது, ஆட்டோ நினைவில்லை. இதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நாலாவது மிஷின்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்பா, கரண்ட்ட போட்டது யாரு? சுவிட்சுகிட்ட உன் மச்சான்தான நின்னுட்டு இருந்தான்?"

நான் கண்ணை மூடினேன். மச்சான் நின்றார். சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆவணி பிறந்ததும் கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்குப் போனேன். அதற்குள் பேச்சு பரவியிருந்தது. முதலாளி எல்லோரையும் மூன்றாவது மிஷின் முன்னால் கூட்டினார். திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்த குங்குமச் சிவப்பு தரையில் இன்னும் காயவில்லை. மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் சுவிட்சத் தொடவே இல்லீங்க மொதலாளி. பின்னால குழாயாண்ட கேன்ல தண்ணி புடிச்சிட்டு இருந்தேன். கத்துற சத்தம் கேட்டுதான் ஓடியாந்தேன்" என்றார் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பினார். அன்று அவர் குரலில் விளையாட்டு இல்லை. "மாப்ள, சக்கரம் நின்னுச்சான்னு பாத்தியா? கரண்ட்ட நிறுத்தினாலும் சக்கரம் ஒரு நிமிஷத்துக்கு ஓடும். குனியும்போது உன் கால் பெடல்ல பட்டிருக்கும்."

பிரஸ் மிஷினின் பக்கவாட்டில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் உண்டு. மோட்டாரை அணைத்தாலும் அது உடனே நிற்காது, அது சுற்றுகிறவரை பெடலில் கால் பட்டாலே மிஷின் இறங்கிவிடும். அது நிற்கும்வரை கையை விடக் கூடாது, விட்டால் கொக்கிக் கம்பிதான் விட வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உருப்படிக் கணக்குக்கு வேலை செய்கிறவர்கள் யாரும் காத்திருப்பதில்லை என்பதும் தெரியும். ஆனால் அன்று அவர் சொன்னது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. என் விரலையும் எடுத்துவிட்டு, தப்பையும் என் தலையிலேயே கட்டுகிறார் என்று விழுந்தது. சொந்த மச்சான்.

"கற்பூரம் கொளுத்து" என்றேன்.

அத்தனை பேர் நடுவில் நானாகப் பேசிய முதல் பேச்சு அது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பட்டறையில் கருவி காணாமல் போனாலும், டிபன் பாக்ஸ் மாறினாலும், மிஷின் மேல் கற்பூரம் வைத்து அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும். மேஸ்திரி கொளுத்தினார். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் அணைத்தேன். "மச்சான் சுவிட்சப் போட்டதை என் கண்ணால பாத்தேன்" என்றேன். உள்ளங்கை சுட்டது. குரல் நடுங்கவில்லை.

முதலாளி மச்சானைப் பார்த்தார். இன்னொரு கற்பூரம் வைத்தார்கள். அது எரிந்துகொண்டே இருந்தது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை நீட்டவில்லை.

"பண்ணுப்பா, பண்ணிட்டுப் போயேன்" என்றார் மேஸ்திரி.

"வேணாங்க" என்றார் மச்சான். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். அதோடு வேலைக்கு வரவில்லை.

கற்பூரத்துக்குப் பயந்துவிட்டான் என்று பட்டறை முழுக்கப் பேசியது. எனக்கும் அதுதான் சாட்சியாக இருந்தது. என் பேச்சை ஒருவரும் சந்தேகப்படவில்லை. எப்போதும் பேசாதவன் ஒரு முறை பேசினால் அது பொய்யாக இருக்காது என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நெல்லித்தோப்பில் இருந்த மச்சான் வீட்டுக்கும் கருவடிக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. என் மனைவி ஆரம்பத்தில் அழுதாள், அப்புறம் சண்டை போட்டாள், அப்புறம் நிறுத்திக்கொண்டாள். அப்போது மகளுக்கு ஐந்து வயது. மாமா ஏன் வருவதில்லை என்று சில நாள் கேட்டுவிட்டு மறந்துவிட்டாள்.

ஏழாம் வருஷம் ஆவணியில் மகள் பெரியவளானாள். பச்சை ஓலையில் குடிசை கட்டி அதில் பெண்ணை உட்கார வைப்பது தாய்மாமன் வேலை. என் மனைவி என் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணனுக்குச் சொல்லி அனுப்பறேன்."

"அவன் கட்டுன குடிசையில என் பொண்ணு உக்கார மாட்டா."

"உங்க பொண்ணா? எனக்கும் பொண்ணுதான்."

"அப்ப என் விரலு? அது யாருது?"

அவளுடைய பெரியப்பா மகனை அழைத்துக் குடிசை கட்ட வைத்தோம். அவர் நல்ல மனிதர். ஓலையைத் தலைகீழாக வைத்துக் கட்டினார். என் மனைவி அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டாள். மஞ்சள் நீராட்டை மட்டும் ஐப்பசி கடைசியில் ஊரைக் கூட்டிச் செய்வது என்று முடிவானது. அதற்கும் அந்த அண்ணனே மாலை போடட்டும் என்று சொல்லிவிட்டேன்.

விரல் போன பிறகு பட்டறையில் எனக்கு ஸ்டோர் வேலை. சாமான் எடுத்துக் கொடுப்பது, எண்ணி வைப்பது, ஆபீஸ் அறையைத் துடைப்பது. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஆபீசுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார்கள். சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றும் வேலை என்னுடையது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலாளி எங்களை மிஷின் முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார். அன்றுதான் புது யூனிபார்ம் கொடுப்பார், அதைப் போட்டுக்கொண்டுதான் போட்டோவுக்கு நிற்க வேண்டும். எல்லாப் போட்டோவும் சட்டம் போட்டுச் சுவரில் இருந்தன. வருஷா வருஷம் அவற்றைத் துடைத்தவன் நான். ஒன்றொன்றாகக் கழற்றித் தரையில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். மாட்டும்போது மாறக் கூடாது என்று அடியில் எழுதியிருந்த வருஷப்படி வைத்தேன்.

காக்கி, காக்கி, காக்கி. மூன்றிலும் பின்வரிசையில் மச்சான் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். அடுத்த படத்தில் எல்லோரும் நீலம். முன்வரிசை ஓரத்தில் நான். வலது கையில் கட்டு. மச்சான் இல்லை. அதற்கப்புறம் எல்லாப் படமும் நீலம்.

துடைக்கிற துணியோடு குந்தியிருந்தேன். அந்த முதல் நீலச் சட்டை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டுப் போட்ட கையால் பொத்தான் போட முடியாமல் வீட்டில் மனைவிதான் போட்டுவிட்டாள். என் கை போனது ஆடியில். மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனது ஆவணியில். நீலத் துணி பட்டறைக்குள் வந்தது அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜைக்கு.

மச்சான் ஒரு நாளும் நீலச் சட்டை போட்டதில்லை. அந்தச் சட்டை வருவதற்குள் அவரை நான் அனுப்பிவிட்டேன்.

கண்ணை மூடிப் பார்த்தேன். அப்போதும் அவர் நீலச் சட்டையில்தான் நின்றார். காக்கியை மாட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. சட்டை பொய்யென்றால் சிரிப்பு எங்கிருந்து வந்தது? காலையில் டீ கிளாசோடு சிரித்தாரே, அது. சுவிட்சுப் பக்கத்தில் நின்றது? கொய்யாப்பழத்தோடு வந்தவர் கேட்ட கேள்வியில்தான் அவர் முதலில் அங்கே நின்றார். டக் என்ற சத்தம் நாள் பூராவும் கேட்கிற சத்தம். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் மிச்சம் இருந்தது ஒரு சக்கரமும் என் காலும்தான். அவை எனக்கு நினைவில்லை.

மற்றவர்கள் ஏமாற்றினால் கோபித்துக்கொள்ளலாம். சொந்தக் கண் ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது? கேட்காமலே, வருஷக்கணக்காக, அவ்வளவு தெளிவாக, பொத்தான் வரைக்கும் காட்டியது. தெளிவாக இருந்ததால்தான் நம்பினேன். கொஞ்சம் மங்கலாக இருந்திருந்தால்கூடக் கற்பூரத்தைத் தொட்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏழு வருஷமா நான் சொன்னேன், எங்க அண்ணன் அப்பிடிப் பண்ணியிருக்காதுன்னு. ஒரு சட்டை சொன்னாதான் நம்புவீங்களா? கட்டுனவ சொன்னா நம்ப மாட்டீங்க."

முறத்தை மறுபடியும் மடியில் எடுத்துக்கொண்டாள்.

"தட்டு எடுத்துட்டுப் போய் நீங்களே கூப்புடுங்க. நான் வர மாட்டேன்" என்றாள்.

வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்த தாம்பூலத் தட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்புக்குப் போனேன். மச்சான் வீட்டின் முன்பக்கத்தில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

உள்ளே சுவரில் என் மகளின் போட்டோ இருந்தது. பள்ளி யூனிபார்மில், இரட்டைச் சடையோடு. அந்த வருஷம் எடுத்தது. பக்கத்தில் அதற்கு முந்தின வருஷத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு என்று கிளம்பி, வெறும் கீரைக்கட்டோடு இரண்டு மணி நேரம் கழித்து வந்ததெல்லாம் அப்போதுதான் விளங்கியது. மகள் மாமாவை மறந்ததாக நடித்திருக்கிறாள். என் வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத ஒரு வீடு நடந்திருக்கிறது. சுருக்கென்று வலித்தது. வலிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் வலித்தது.

நின்றபடியே சட்டை விஷயத்தைச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது. அவர் குறுக்கே பேசவில்லை. பழைய மச்சானாக இருந்தால் அதற்குள் நாலு தடவை கிண்டல் செய்திருப்பார்.

"நான் பண்ணது பொய்ச் சத்தியம் மச்சான்" என்று முடித்தேன். "ஆனா அன்னிக்கி நீங்க ஏன் கற்பூரத்த அணைக்கல? அணைச்சிருந்தா நானே..."

"அணைச்சிருந்தா?" என்றார். "நீ பண்ணிட்ட. நானும் பண்ணா ரெண்டுல ஒண்ணு பொய்ச் சத்தியம். நான் தொடலன்னு எனக்குத் தெரியும். அப்ப பொய் யாருது? பொய்ச் சத்தியம் பண்ணவன் குடும்பம் வெளங்காதும்பாங்க. அது யாரு குடும்பம்? என் தங்கச்சி குடும்பம். நானே அத முடிச்சு வெக்கணுமா?"

மிக்சியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

"அதுகூடப் பரவால்ல மாப்ள. நீ சொல்லி, ஊரு சொல்லி, வழியில பாக்கறவன்லாம் கேட்டுக் கேட்டு, எனக்கே இப்பல்லாம் தெரியல. சில நாளு படுத்தா நான் அந்த சுவிட்சாண்ட நிக்கிற மாதிரியே இருக்கும். கையில தண்ணி கேன் இருந்துதான்னு தேடுவேன். இருக்காது."

அவர் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கண் என்னை ஏமாற்றியதோடு நிற்கவில்லை. அவருக்கு அவரைப் பற்றித் தெரிந்திருந்ததையும் பிடுங்கிக்கொண்டது.

தட்டை நீட்டினேன். தாம்பூலத்தை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். வலது கையில் பிடிமானம் பத்தாமல் தட்டு சாய்ந்து, பாக்குப் பொட்டலம் விழுந்தது. அவர் குனிந்து எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டார்.

"என் தங்கச்சி பொண்ணுக்கு நான் செய்யாம யாரு செய்வாங்க. வரேன்" என்றார்.

வந்தார். பதினோரு தட்டு வரிசை, பட்டுப் பாவாடை, தலை கொள்ளாத பூ. எங்கள் தெருவில் போட்ட பந்தலில் அவர் மகளுக்கு மாலை போட்டபோது என் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் அவர் காதில் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நேராகப் பார்க்க முடியாமல் மேளக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் போய், மச்சான் சுவிட்சைத் தொடவில்லை, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். இதற்கும் நாக்கு எழத்தான் செய்தது. நாலாவது மிஷின்காரர், "வுடுப்பா, பழசு. இப்ப எதுக்கு?" என்றார். மேஸ்திரி என் தோளைத் தட்டிவிட்டுப் பாயசம் வந்ததா என்று கேட்டார். நான் பெருந்தன்மையாகப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்றே அவர்கள் நினைத்தார்கள். கற்பூரத்தோடு சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது. கற்பூரம் இல்லாமல் சொன்னது ஒட்டவில்லை.

பந்தி ஆரம்பித்ததும் மச்சானைத் தேடினேன். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், இலை போட்டாச்சு."

"வேணாம் மாப்ள. நீங்க பாருங்க" என்றார்.

எங்கள் வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. செய்ய வேண்டிய சீரை ஒன்றுகூடக் குறைக்காமல் செய்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனார்.

அவருடைய வண்டி தெருமுனை வரைக்கும் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கே அவர் வண்டியை நிறுத்தினார். காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. சட்டைப் பையில் நான் கொடுத்த பத்திரிகையின் மஞ்சள் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது இதை என் மனைவியிடம் சொன்னேன். கோபம் ஆறிவிடும், பொங்கலுக்கு வருவார் என்று சொன்னேன்.

"நான் உங்க பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்" என்றாள் அவள். "அண்ணன் நிறுத்தவும் இல்ல, திரும்பவும் இல்லீங்க. நேராப் போயிடுச்சி."

மச்சான் கிளம்பிய நேரத்தில் வீடியோக்காரர் உள்ளே பந்தியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவளோடு வாதாடவில்லை. அண்டாவைக் கவிழ்த்து வைத்தேன்.